மூடியில் வைத்த பொட்டு

இலவசம் என்று போட்டிருந்ததுதான் சௌந்தரபாண்டியனுக்கு முதல் உறுத்தல். கம்பெனி தானே கடிதம் போட்டு, கடிதம் போதாதென்று இரண்டு தடவை போனும் செய்து, உங்கள் கார் எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்ட் என்கிற தண்டின் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கிற நான்கு போல்ட்டுகள் சரியில்லாதவை, நாளாக ஆகப் பிடிமானம் விட்டு சத்தம் வரும், ஓடும்போதே எஞ்சின் நின்றும் போகலாம், கொண்டுவாருங்கள், செலவில்லாமல் மாற்றித் தருகிறோம் என்று கெஞ்சுகிறது என்றால் அதில் என்னவோ இருக்கத்தானே வேண்டும். தன் சரக்கு சொத்தை என்று எந்த வியாபாரி தானாக வந்து சொல்வான்? இருபத்தெட்டு வருஷமாக எடையளவு முத்திரை ஆய்வாளர் வேலை பார்க்கிறார், அப்படி ஒருத்தனை அவர் கண்டதில்லை. தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவைத்தவனைப் பிடித்திருக்கிறார். லிட்டர் குவளையின் அடியை உள்பக்கமாகத் தட்டிவிட்டவனைப் பிடித்திருக்கிறார். எடைக்கல்லைக் குடைந்து ஈயத்தை எடுத்துவிட்டு மேலே மெழுகு பூசியவன், கழுத்தில் ருத்ராட்சம் போட்டிருந்தான். எல்லாரும் எடுத்த எடுப்பில் சொல்வது ஒன்றுதான், நம்மகிட்ட அதெல்லாம் கிடையாதுங்க சார். இந்த சர்வீஸ் சென்டர் பெண் ரெஜினாவும் காலையில் அதைத்தான் சொன்னாள். திண்டுக்கல் பைபாஸில் புதிதாகக் கட்டிய கட்டடம், கண்ணாடிச் சுவர், குளிர்ந்த காற்று, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத சோபா. மனம் வரக்கூடாது என்றுதானே அப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள். காபி மெஷினில் நூறு மில்லி என்று எழுதியிருந்தது. பிடித்துப் பார்த்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்காது, கண்ணளவே போதும். நுரையோடு சேர்த்துக் கணக்கு சொல்வார்கள். குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் கார் நிற்கிற இடம் தெரிகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காலையில் கிளம்புவதற்கு முன்னால் வண்டிக்குப் பொட்டு வைத்தாயிற்று. வண்டியை யாரிடம் விட்டாலும் விடுவதற்கு முன்னால் அவர் செய்கிற காரியம் அது. நான்கு டயர், ஸ்டெப்னி, பேட்டரி, ஹாரன், அப்புறம் எஞ்சின் மேல்மூடியின் ஓரத்து போல்ட், ஒவ்வொன்றிலும் நெயில் பாலிஷில் மிளகளவு ஒரு பொட்டு, போல்ட்டும் மூடியும் சேர்கிற இடத்தில் இரண்டையும் தொட்டுக்கொண்டு. போல்ட்டைத் திருப்பினால் பொட்டு பிளக்கும். சாமானை மாற்றினால் பொட்டு இருக்காது. அலுவலகத்தில் தராசுக்கு ஈய முத்திரை, வீட்டில் வண்டிக்கு நெயில் பாலிஷ். ‘அப்பா, அது கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்சது’ என்று கீர்த்தனா ஜன்னலிலிருந்து கத்தினாள். கத்தட்டும். இன்னும் இருபத்திரண்டு நாள்தானே இங்கே கத்தப் போகிறாள். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் பிரதி மடித்தபடி இருந்தது. நாலு தடவை திருத்திவிட்டார், பெரியப்பா பெயரில் ஒற்றுப்பிழை வரை பிடித்துவிட்டார், ஒரே ஒரு வரி மட்டும் காலியாக நிற்கிறது. தாய்மாமன் என்று போட்டு, பக்கத்தில் வெறும் இடம். எடுத்துவிடலாம் என்று அவர் சொன்னபோது மனைவி பஞ்சவர்ணம் ஒன்றும் சொல்லவில்லை. பத்து மாதமாகவே அவள் தேவைக்குமேல் ஒன்றும் சொல்வதில்லை, சாப்பிட வாங்க, கேஸ் தீந்துருச்சு, அவ்வளவுதான். பிரதியை வாங்கி அந்த வரி மேல் விரலை வைத்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தாய்மாமன் மாலை இல்லாமல் மணவறையில் பெண் உட்கார்ந்தால் சம்பந்தி வீட்டார் என்ன கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா. தாய்மாமன் செத்துப் போயிருந்தால்கூட ஒரு பதில் சொல்லலாம். அவள் தம்பி மலைச்சாமி கல் மாதிரி உயிரோடு, இங்கிருந்து எட்டு கிலோமீட்டரில், வத்தலக்குண்டு ரோட்டில் கார் பட்டறை வைத்துக்கொண்டு இருக்கிறான்.

அவன் கெட்டவன் என்று சௌந்தரபாண்டியன் ஒருநாளும் சொன்னதில்லை, கை வைத்துவிட்டான் என்றுதான் சொன்னார். போன ஆடியில் ஆயில் மாற்றுவதற்கு வண்டியை அவனிடம் விட்டார். சொந்த மச்சினன், அக்கா என்றால் உயிர், கீர்த்தனாவுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதவன். ஆனாலும் பொட்டு வைத்தார். பொட்டு வைப்பது சந்தேகம் இல்லை, முறை. சாயங்காலம் வண்டி வந்தது. எஞ்சின் பளபளவென்று இருந்தது. எஞ்சினை எதற்குத் துடைக்க வேண்டும்? டயரில் பொட்டு இருந்தது, பேட்டரியில் இருந்தது. மேல்மூடியில் இல்லை. சுவடே இல்லை. ஆயில் மாற்றுவதற்கு மேல்மூடியைக் கழற்றத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும். அன்றிரவு தூங்கவில்லை. ஒரு வாரத்தில் எஞ்சினுக்குள் அந்தச் சத்தம், டிக் டிக் டிக் என்று, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம், அப்புறம் மேட்டில் ஏறும்போது. பத்தாவது நாள் செம்பட்டி தாண்டி, பஞ்சவர்ணம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த மணல் லாரிக்காரன் ஒரு முழத்தில் பிரேக் போட்டான். அந்தப் பிரேக் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. பெண்டாட்டி அந்த ரோட்டில் செத்திருப்பாள். வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆனதும் அந்த ஆத்திரத்தில்தானே நேராகப் பட்டறைக்குப் போனார். வேறு எதற்கும் இல்லை. அங்கே நாலு பேர் நின்றிருந்தார்கள், இரண்டு ஆட்டோக்காரர்கள், ஒரு வாத்தியார், எதிர்த்த டீக்கடைக்காரர். ‘உள்ள இருந்த நல்ல சாமான உருவிட்டு எந்த ஓட்டை வண்டிச் சாமான்டா போட்ட? சொந்த அக்கா வண்டியிலயே கை வச்சிட்டியேடா’ என்று கேட்டார். கத்தவில்லை, நிதானமாகத்தான் கேட்டார், கடைக்காரர்களிடம் கேட்கிற அதே குரலில். மலைச்சாமி கையிலிருந்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். ‘மச்சான், நான் அந்த மூடியத் தொறக்கவே இல்ல’ என்றான். அவ்வளவுதான். சாட்சி என்ன என்று இவர் கேட்டார். அவனிடம் சாட்சி இல்லை. குற்றவாளிகள் அப்படித்தான் நிற்பார்கள், இவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.

போன் அடித்தது. அச்சகத்துக் கதிரேசன்.

‘சார், பன்னெண்டு மணிக்கு மெஷின்ல ஏத்துறேன். அந்தத் தாய்மாமன் வரி என்ன சார்? எடுத்துரவா, பேரு குடுக்குறீங்களா?’

‘பன்னெண்டுக்குள்ள சொல்றேன்.’

‘எடுத்துட்டா அந்த எடத்துல ஒரு பூ டிசைன் வச்சுருவேன், தெரியாது சார்.’

தெரியாதாம். பூவை வைத்து மூடிவிடலாமாம். மணி பத்தே முக்கால். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜஸ்டின் என்று சட்டையில் பெயர் தைத்த ஆள், நாற்பது வயதிருக்கும், பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எதற்குச் சிரிப்பு? சௌந்தரபாண்டியன் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பொட்டு தெரிந்தது, மூடி ஓரத்தில், கரும்சிவப்பாக. இருக்கட்டும். இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பது அவருக்குக் கிட்டத்தட்டப் புரிந்துவிட்டது. ஒன்றும் மாற்ற மாட்டார்கள். மூடியைத் தொட மாட்டார்கள். கழுவித் துடைத்து, மாற்றியாச்சு சார் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, கம்பெனிக்குக் கணக்குக் காட்டிவிடுவார்கள். அப்படித்தான் இருக்கும். பழைய போல்ட்டைக் கையில் கொடுங்கள் என்று காலையிலேயே கேட்டார். முடியாது சார், நாலையும் எண்ணிக் கம்பெனிக்கு அனுப்பணும் என்றாள் ரெஜினா. பார்த்தீர்களா. சாட்சியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஏமாற்று வேலைதான். இப்படி நினைக்க நினைக்க அவருக்கு ஒரு நிம்மதி வந்தது, வந்த வேகத்திலேயே அந்த நிம்மதி என்னவோ கரித்தது. ஏமாற்றப்படப் போகிறோம் என்பதில் என்ன நிம்மதி? எழுந்து நாலு அடி நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். கடிதம் வந்த அன்றே வேறொரு கேள்வி மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, இவர்தான் பார்க்காத மாதிரி சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறார். கடிதம் பொய்யாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும். கடிதம் உண்மையென்றால், போல்ட் கோளாறில் சத்தம் வரும் என்பது உண்மையென்றால், ஓடும்போதே எஞ்சின் நிற்கும் என்பது உண்மையென்றால், அப்புறம் அந்த டிக் டிக் யாருடையது? செம்பட்டியில் வண்டியை நிறுத்தியது யார்? இல்லை, இல்லை. சத்தம் போல்ட்டிலிருந்தே வரட்டும். பொட்டு எங்கே போனது? பொட்டுக்குக் கம்பெனியா பதில் சொல்லும்? பொட்டு பொய் சொல்லாது. பத்து மாதமாக அந்தப் பொட்டைப் பிடித்துக்கொண்டுதான் பஞ்சவர்ணத்தின் மௌனத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதைத் தூக்கி வேறொரு பக்கம் வைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

மறுபடி கேமராவைத் தூக்கியபோது ஜஸ்டின் ஒரு ஸ்பிரே டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார். மூடி முழுக்க அடித்தார், ஓரங்களில் இன்னும் கொஞ்சம், பிறகு துணியை எடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் நிதானமாகத் துடைத்தார். துணி விலகியது. பொட்டு இல்லை. சௌந்தரபாண்டியன் எப்போது எழுந்தார், எந்தக் கதவு வழியாகப் போனார் என்பது அவருக்கே தெரியாது. ‘சார், உள்ள போகக் கூடாது சார்’ என்று ரெஜினா பின்னால் ஓடி வந்தாள். அவர் ஏற்கெனவே வண்டிக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

‘ஏன்யா அத அழிச்ச?’

‘எத சார்?’

‘பொட்டு. இந்த போல்ட்டுல ஒரு பொட்டு இருந்துச்சு. ஏன் கழட்டுன?’

‘இன்னும் ஸ்பேனரையே எடுக்கல சார். தெறக்குறப்ப தூசி உள்ள விழுந்துரக் கூடாதுன்னு க்ளீனர் அடிச்சுத் தொடச்சேன்.’ ஜஸ்டின் துணியைத் திருப்பிப் பார்த்தார். ‘ஏதோ செவப்பா ஒட்டியிருக்கு. நெயில் பாலிஷா சார்? அது இதுல நிக்காது. தின்னர், க்ளீனர் எது பட்டாலும் போயிரும்.’

துணியில் ஒரு கறை, நகத்தளவு. மலைச்சாமியின் பட்டறையில் பெயின்ட் வேலைக்கென்று தின்னர் கேன் எப்போதும் கதவோரம் நிற்கும். அந்த வாடைக்குப் பஞ்சவர்ணம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போவாள். ஏன்டா இப்புடித் தொடைக்கிற என்று அவள் கேட்டதும், அக்கா வண்டி, பளிச்சுனு போகணும்ல என்று அவன் சொன்னதும், இவரே நின்று கேட்டதுதான், ஒரு தடவையா இரண்டு தடவையா. எஞ்சினை எதற்குத் துடைக்க வேண்டும் என்று பத்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரே, பதில் அவரிடமேதான் இருந்திருக்கிறது. இருந்தாலும் மனசு சும்மா இருக்குமா, விடாப்பிடியாக இன்னொரு மூலையைப் போய்ப் பிடித்தது. பொட்டு துடைத்ததில் போயிருக்கலாம், ஆனால் மூடியைத் திறக்கவில்லை என்பதற்கு அது சாட்சி இல்லையே. துடைத்துவிட்டுத் திறந்திருக்கலாம். துடைத்ததே திறப்பதற்காக இருக்கலாம். ‘நான் இங்கயே நிக்கிறேன்’ என்றார். ரெஜினா ஜஸ்டினைப் பார்த்தாள். நிக்கட்டும்மா என்றார் ஜஸ்டின்.

மூடி லேசில் வரவில்லை. போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் ஓரம் பிடித்துக்கொண்டிருந்தது, தட்டித் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. ‘கம்பெனியில ஒட்டுன பேஸ்ட்டு சார், பொறந்ததுலருந்து இத யாரும் தெறக்கல. ஒருதடவ தெறந்து மூடியிருந்தா வேற பேஸ்ட்டுக் கலரு தெரியும்’ என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே மூடியைத் தூக்கி வைத்தார். உள்ளே எண்ணெய் மினுங்கியது. பல்சக்கரத்தின் முகத்தில் நான்கு போல்ட். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் சக்கரத்தின் மேல்வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு. சௌந்தரபாண்டியன் குனிந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னும் குனிந்தார். யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியம் இல்லை. முறுக்கி முடித்ததும் தொழிற்சாலையில் எவனோ ஒருத்தன் வைத்த முத்திரை. போல்ட்டை ஒரு நூலிழை திருப்பியிருந்தாலும் கோடு பிளந்து விலகியிருக்கும். நான்கு கோடும் நேராக, முழுசாக, உடையாமல் இருந்தன. ‘அப்ப சத்தம் எதுனால வந்துச்சு?’ என்று கேட்டார், குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ‘இது திரும்பல சார், இரும்பு மட்டம். போல்ட்டு இழுபட்டு நீண்டுக்கிட்டே போகுது, ஒரு முடியளவு. பிடி விட்டதும் சக்கரம் ஆடும். அந்த டிக் டிக் அதான்.’ முத்திரை உடையவில்லை என்றால் பொருளைத் தொடவில்லை என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை கடைக்காரர்களை இந்த ஒரு காரணத்துக்காக இவர் வாயால் நிரபராதி என்று சொல்லி விட்டிருக்கிறார். அன்றைக்கு அவனிடம் சாட்சி கேட்டார். சாட்சி அவர் வண்டிக்குள்ளேயே இருந்தது, அவரே அதில் ஏறி ஓட்டிக்கொண்டு திரிந்தார். வெட்கமாக இருந்தது. ஓரமாகக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணி குடிக்கிறீங்களா சார் என்று ரெஜினா கேட்டாள். அவளைப் பார்த்துத் தலையாட்டினாரே ஒழிய, வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று அவளுக்கும் புரியவில்லை.

புது போல்ட்டுகளை மாட்டி, அளவு பார்த்து முறுக்கி, மூடி போட்டு முடிப்பதற்குப் பதினொன்றே முக்கால் ஆயிற்று. ஜஸ்டின் சாவியைத் திருப்புகிற நேரம், சௌந்தரபாண்டியன் போனில் அந்த எண்ணை அழுத்திவிட்டிருந்தார். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான். எடுக்கவும் கூடாதுதான்.

‘சொல்லுங்க’ என்றது மலைச்சாமியின் குரல். மச்சான் என்கிற வார்த்தை அதில் இல்லை.

பக்கத்தில் எஞ்சின் ஓட ஆரம்பித்தது. அந்தப் பக்கம் பட்டறையில் எங்கோ இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது, எஞ்சினைத்தான் காது கொடுத்துக் கேட்கிறான்.

‘அக்கா வண்டிதான அது?’

‘ஆமா மாப்ள.’

‘சத்தம் நின்னுருச்சு.’

‘நின்னுருச்சு. உள்ள போல்ட்டு கம்பெனிக் கோளாறாம். நீ தொறக்கல. பாத்துட்டேன். நான்தான் மாப்ள...’

‘தொறக்கலன்னு அன்னைக்கே சொன்னேன்ல.’ கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வண்டி நம்பரைச் சொல்வதுபோல் சொன்னான்.

‘கல்யாணம் வச்சிருக்கு. வைகாசில. நீ வரணும்.’

‘இது போன்ல கூப்பிடுற உறவா?’ என்றான் மலைச்சாமி. ‘அன்னைக்கு நாலு பேரு நின்னாங்கள்ல. அவுங்க இன்னமும் இங்கதான் வாராங்க, போறாங்க. ரெண்டு மணிக்கு எல்லாரும் டீக்கு வருவாங்க. அவுங்க முன்னாடி சொன்னீங்க, அவுங்க முன்னாடியே வந்து சொல்லுங்க. பெறகு பாப்போம்.’ வைத்துவிட்டான்.

பழைய போல்ட்டுகள் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சீட்டு ஒட்டி மேஜையில் இருந்தன. ஒன்றே ஒன்று கொடுங்கள், நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். காலையில் மிரட்டினவர் இப்போது கெஞ்சுகிறாரே என்று ரெஜினாவுக்கே சங்கடமாக இருந்தது, ஆனாலும் முடியாது சார் என்றாள். ‘வேணும்னா போட்டோ எடுத்துக்கங்க’ என்றார் ஜஸ்டின். சௌந்தரபாண்டியன் போனைத் தூக்கினார். படத்தில் மஞ்சள் கறை படிந்த நான்கு தலைகள் தெளிவாக விழுந்தன, அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்தவில்லை. மலைச்சாமி அன்று பட்டறையில் சாட்சி இல்லாமல் நின்றபோது அவன் கையில் என்ன இருந்தது? அழுக்குத் துணி. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காட்டிய இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வண்டிக்குள் உட்கார்ந்து கதிரேசனைக் கூப்பிட்டார். மணி பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம். ‘தாய்மாமன், மலைச்சாமி. போட்டுருங்க.’

‘அவுக வாராகளா சார்? பத்திரிகையில பேரு போட்டு ஆளு வரலைன்னா அசிங்கமாயிரும்.’

‘தெரியல. போடுங்க.’

சோதித்துப் பார்க்காமல் அவர் வைத்த முதல் முத்திரை அதுவாகத்தான் இருக்கும். வழி நெடுக எஞ்சினைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். டிக் டிக் இல்லை. இல்லாததைக் காது தேடித் தேடிப் பார்த்தது, பாலத்தின் ஏற்றத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கூடக் கேட்டார், இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தியபோது பஞ்சவர்ணம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

‘பொடவைய மாத்திட்டு வா’ என்றார். ‘ஒன் தம்பி பட்டறைக்குப் போவம்.’

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கடைக்காரன் படியை நீட்டும்போது அவர் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான்.

‘எதுக்கு? இப்ப அவன் மேல புதுசா என்ன குத்தம் கண்டுபிடிச்சீங்க?’

‘ஒன்னும் இல்ல. தப்பு என் மேலதான். மன்னிப்புக் கேக்கப் போறேன்.’

பஞ்சவர்ணம் நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. காட்டுவதற்கு அவர் கையில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் சுற்றிப் போய் அவளுக்காகக் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்றார்.